கிளிக்கும் கிடைக்கும்: ஆன்மிகச் சொல்லையும் இணையச் சொல்லையும் சிலேடையாக்குவது எப்படி?

கலைமகள் ஆசிரியராக இருந்த கி.வா. ஜகந்நாதனைப் பற்றித் தமிழ் மேடைகளில் வழங்கும் கதை ஒன்று உண்டு. அவர் பேச எழுந்தபோது மைக் வேலை செய்யவில்லை. மாற்றி வைத்த இன்னொரு மைக்கும் வேலை செய்யவில்லை. உடனே அவர், "இம்மைக்கும் பயனில்லை, மறுமைக்கும் பயனில்லை" என்றாராம். இந்த மைக், மற்றொரு மைக் என்ற பொருளும், இப்பிறப்பு, மறுபிறப்பு என்ற பொருளும் ஓர் எழுத்துகூட மாறாமல் அந்த ஒரே தொடரில் அமர்ந்துவிடுகின்றன. ஆன்மிகத்தையும் கருவியையும் கலந்து சிலேடை எழுத விரும்புகிறவர் முதலில் இந்தத் தொடரைப் பிரித்துப் பார்த்துக் கற்க வேண்டும்.

அதன் நுட்பம் ஒலி ஒற்றுமையோடு முடிந்துவிடுவதில்லை. மைக்கைக் குறிக்கும்போது "இம்மைக்கும்" என்பது எழுவாயாக நிற்கிறது. பிறப்பைக் குறிக்கும்போது அதே சொல் நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறது. இரண்டு வழியிலும் இலக்கணம் பிசகவில்லை. அதைவிட முக்கியமானது, இரண்டு பொருளும் அந்த இடத்துக்கு மெய்யாக இருப்பதாகும். இரண்டு கருவிகளும் உண்மையிலேயே பழுதாகி நின்றன. இலக்கியமும் சமயமும் பேசப்படும் மேடையில் இம்மை, மறுமை என்பவையும் உண்மையான பேச்சுப்பொருள்களே. ஒன்றை மறைத்துவிட்டுப் படித்தாலும் மற்றொன்று தனியாக நின்று பொருள் தரும்.

சேலத்தில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. காலையில் கும்பாபிஷேகப் பத்திரிகையும் மாலையில் கைப்பேசிக் கடையின் திறப்பு விழா நோட்டீசும் ஒரே மேசையில் வந்து விழுவதால், "அருள்" என்னும் சொல்லும் "ஆஃபர்" என்னும் சொல்லும் அருகருகே கிடப்பதைப் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. அந்தப் பழக்கத்தில் எழுதிப் பார்த்தவற்றுள் பெரும்பாலானவற்றைக் கேட்டவர்கள் "கடிக்காதீர்கள்" என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். சிலவற்றுக்கு மட்டும் ஒரு கணம் பேசாமல் நின்றுவிட்டுப் பிறகு சிரித்திருக்கிறார்கள். வேறுபாடு எங்கே என்று தேடியபோது கிடைத்த விடை ஒன்றுதான்: சமயத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ அதுவும், கருவி எப்படி இயங்குகிறதோ அதுவும், இரண்டும் ஒரே வரியில் உண்மையாக இருக்க வேண்டும். ஒலி மட்டும் ஒத்தால் அது கடி. "சர்வம் சிவமயம்" என்பதைச் "சர்வர் சிவமயம்" என்று மாற்றுவது யார் வாயிலும் வரும். சர்வருக்கும் சிவத்துக்கும் அந்த வரியில் ஒரு தொடர்பும் இல்லாததால் அது வந்த வேகத்திலேயே செத்தும் போகும்.

நடுவே கோடு கிழித்த நோட்டு

வேலையைத் தொடங்க நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். நடுவே கோடு கிழித்து, இடப்பக்கத்தில் உங்கள் வீட்டிலும் கோயிலிலும் காதில் விழுந்து வளர்ந்த சமயச் சொற்களை எழுதுங்கள். அகராதியைப் பார்த்து எழுத வேண்டாம், ஏனெனில் கேட்பவருக்கும் தெரிந்த சொல்லாக இருந்தால்தான் சிலேடை விளக்கவுரை இல்லாமல் வெடிக்கும். வலப்பக்கத்தில் கைப்பேசியோடு புழங்கும் சொற்களை எழுதும்போது கலைச்சொல்லையும் பேச்சுச் சொல்லையும் சேர்த்தே எழுத வேண்டும்: கடவுச்சொல் என்று ஒரு வரி, பாஸ்வேர்டு என்று மறு வரி. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் வாய் எப்படிச் சொல்கிறதோ அப்படியே எழுதுவது மிக முக்கியம். மைக்கு, கிளிக்கு, நெட்டு என்று நாம் இறுதியில் ஒட்டும் அந்த உகரத்தின் வழியாகத்தான் வேற்றுமை உருபும் உம்மையும் உள்ளே நுழைகின்றன. அந்த உகரம் இல்லாதிருந்தால் "இம்மைக்கும்" பிறந்தே இருக்காது.

அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என இரண்டாகப் பிரிக்கிறது. சொல்லை உடைக்காமலே இரு பொருள் தருவது முன்னது. வேறு வேறு இடத்தில் பிரிக்கும்போது வேறு வேறு பொருள் தருவது பின்னது. நோட்டில் இரண்டு பக்கத்தையும் கோடு போட்டு இணைக்கும்போது இந்தப் பாகுபாடு பெரிதும் உதவும்.

செம்மொழியில் எளிதாகக் கைகொடுக்கும் சொல் "மறை". அது வேதத்தையும் குறிக்கும், ஒளித்து வைப்பதையும் குறிக்கும். வாட்சாப் தன் செய்திகளை 2016 முதல் இரு முனைகளுக்கும் இடையே மறையாக்கம் செய்தே அனுப்புகிறது. ஆகவே, "பெரியப்பா அனுப்பும் காலை வணக்கமும் மறைதான், ஓதுவாரைத்தான் காணோம்" என்று எழுதலாம். மறைக்கு ஓதுவார் வேண்டும் என்பது கோயிலில் உண்மை. அந்தச் செய்தியை ஒருவரும் படிப்பதில்லை என்பது குடும்பக் குழுவில் உண்மை. இதைப் போலவே "மேகம்" என்ற சொல்லும் பயன்படும். படங்களையும் கோப்புகளையும் தொலைவிலுள்ள கணினிகளில் ஏற்றி வைப்பதை மேகம் என்றே தமிழிலும் சொல்லத் தொடங்கிவிட்டோம். மாரி என்பது மழைக்கும் பெயர், அம்மனுக்கும் பெயர். கோட்டை மாரியம்மனுக்கு ஆடியில் ஊரே திரளும் சேலத்தில், "படத்தையெல்லாம் மேகத்தில் ஏற்றிவிட்டேன், இறக்கித் தருவது இனி மாரியின் பொறுப்பு" என்பதற்கு விளக்கம் கேட்பவர் யாரும் இல்லை. கவி மழை பொழிந்ததால் காளமேகம் என்று பெயர் பெற்ற புலவரே சிலேடைக்குத் தலைவராக இருப்பதும் இந்தச் சொல்லுக்கு ஒரு பொருத்தம்.

பிரிமொழியில் பயன் இன்னும் மிகுதி, உழைப்பும் மிகுதி. "மால்" என்ற சொல்லுக்கு மயக்கம் என்ற பொருள் உண்டு. பரிசு விழுந்திருக்கிறது என்று வரும் சுட்டியைத் தொட்டுக் கைப்பேசியைக் கெடுத்துக்கொண்டவர் தன் கதையை ஒரே வரியில் சொல்லலாம்: "பரிசு என்றார்கள், தொட்டேன், மால் வேர்விட்டது." மயக்கம் வேரூன்றியதும் மெய், மால்வேர் என்னும் தீய நிரல் புகுந்ததும் மெய். பாஸ்வேர்டு என்பதும் காதுக்குப் பாசவேர் போலவே கேட்கிறது. பதி, பசு, பாசம் என்று மூன்றைச் சொல்லும் சைவ சித்தாந்தத்தில் பாசம் என்னும் தளை அறுவதே வீடுபேற்றுக்கு வழி, ஆகவே, "பாசவேர் மறந்தால் முக்தி, பாஸ்வேர்டு மறந்தால் ஓடிபி." இங்கே சொல் முழுதாக ஒன்றாகவில்லை என்பது குறைதான். இரண்டு முடிவுகளும் சரியாக இருப்பதால் கேட்பவர் அதை மன்னிக்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த பிரிமொழி "நிலையாமை". திருக்குறளில் அது 34ஆம் அதிகாரத்தின் பெயர். ஸ்டேட்டசைத் தமிழில் நிலை என்றும் நிலைத்தகவல் என்றும் எழுதுகிறோம். வாட்சாப்பில் அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். நிலை என்று பெயர் வைத்ததே நிலையாதிருப்பதுதான் முதல் நகைப்பு. அதே சொல்லை நிலை, ஆமை என்று பிரித்தால், சிக்னல் குறைந்த இடத்தில் ஊர்ந்து ஊர்ந்து ஏறும் ஸ்டேட்டஸ் கிடைக்கிறது. "மலையில் ஸ்டேட்டஸ் போட்டவனுக்குத்தான் நிலையாமை புரியும்" என்ற வரியில் வள்ளுவரின் பொருளும், 24 மணி நேரமும், ஆமையும் ஒன்றை ஒன்று மிதிக்காமல் இருக்கின்றன. இப்படி ஒரு சொல் கிடைக்க ஆறு மாதம் ஆனாலும் பரவாயில்லை. நோட்டை மூடிவிட வேண்டாம்.

ஐந்தெழுத்து, ஆறெழுத்து, எட்டெழுத்து

சொல்லை மட்டும் தேடிக்கொண்டிருப்பவர்கள் எண்ணைக் கவனிப்பதில்லை. சமயத்திலும் எண் உண்டு, கைப்பேசியிலும் எண் உண்டு, இரண்டும் ஒத்துப் போகும் இடத்தில் ஒலியின் உதவியே தேவைப்படாது. சிவனுக்கு ஐந்தெழுத்து, முருகனுக்கு ஆறெழுத்து, திருமாலுக்கு எட்டெழுத்து என்பது கோயில் வாசலில் நிற்கும் சிறுவனுக்கும் தெரிந்த கணக்கு. கடவுச்சொல் எட்டெழுத்துக்குக் குறையக் கூடாது என்று பல தளங்கள் கேட்கின்றன. எனவே, "எட்டெழுத்துக்குக் குறைந்தால் ஏற்காத தளமெல்லாம் வைணவத் தளம், ஐந்தெழுத்து அங்கே செல்லாது" என்று ஒரு சைவர் குறைபட்டுக்கொள்ளலாம். சைவர் தம்மையே நொந்துகொண்டு சொன்னால் இது சிரிப்பு. வைணவரைப் பார்த்துச் சொன்னால் வம்பு.

இந்த எட்டெழுத்திலேயே இன்னொரு பக்கமும் இருக்கிறது. திருக்கோட்டியூர்க் கோபுரத்தின் மேல் ஏறி, குரு மறைவாகச் சொன்ன மந்திரத்தை ஊருக்கே அறிவித்தார் இராமானுசர் என்பது வைணவ மரபு போற்றும் வரலாறு. கடவுள் சொல்லை ஊரறியச் சொல்வது அருள். கடவுச்சொல்லை ஊரறியச் சொல்வது அறியாமை. இடையில் குறைவது ஒரே ஒரு ளகரம், கூடவே நிற்பது ஒரு சகர ஒற்று. இதைப் பயன்படுத்தி எழுதும்போது அந்தப் பெரியவரை ஏளனத்துக்கு இழுக்காமல், பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கும் நம் அலுவலக நண்பரைத்தான் முன்னால் நிறுத்த வேண்டும்: "எங்கள் கணக்காளர் கோபுரம் ஏறாமலே எட்டெழுத்தை ஊருக்கு அருளியவர்."

வங்கிகளும் பிற சேவைகளும் அனுப்பும் ஓடிபி பெரும்பாலும் ஆறு இலக்கம். சரவணபவ என்பதும் ஆறெழுத்து. சுவாமிமலையில் பிள்ளை தகப்பன் காதோடு மட்டும் பொருள் சொன்னது போல, ஓடிபியையும் பிறர் காதில் விழச் சொல்லக் கூடாது. வாழப்பாடிக்கு அருகே, 2022இல் குடமுழுக்குக் கண்ட 146 அடி முத்துமலை முருகன் சந்நிதிக்கு வெளியே, தேங்காய்க் கடையின் கியூஆர் அட்டையை எப்படி ஸ்கேன் செய்வது என்று தகப்பனுக்குப் பையன் சொல்லிக் கொடுப்பதைப் பார்த்தேன். தகப்பன் கைகட்டிக் குனிந்து கேட்டார். "தகப்பன்சாமி" என்ற ஒரு சொல்லுக்கு மேல் அங்கே எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை. சில நேரங்களில் சிலேடைக்காரர் செய்ய வேண்டியது, பழைய சொல்லைச் சரியான புதிய இடத்தில் வைத்துவிட்டு விலகிக்கொள்வது மட்டுமே.

உடலில் மூலாதாரம் முதலான ஆறு ஆதாரங்களைக் கடந்து மேலேறுவதை யோக நூல்கள் பேசுகின்றன. 12 இலக்க ஆதாரைக் கடக்க முடியாமல், கைரேகை பதியாமல் நிற்கும் முதியவரைப் பார்த்தவர், "ஆறாதாரம் கடந்தவரும் ஆதார் கடந்ததில்லை" என்று சொல்லலாம். இதில் கசப்பும் உண்டு. உழைத்துத் தேய்ந்த விரல்தான் பதிய மறுக்கிறது. சிரிப்புக்காக அந்தக் கசப்பை மறைக்க வேண்டாம்.

ஊரைக் கேட்டு எழுதுதல்

பொதுவான சிலேடையை யாரும் எழுதுவார்கள். உங்கள் ஊரின் பெயர்களையும் தலங்களையும் நோட்டின் இடப்பக்கத்தில் சேர்த்தால், வேறு எவருக்கும் கிடைக்காத பொருத்தங்கள் தாமாக வரும்.

சேலம் நகரின் நடுவே இருப்பது சுகவனேஸ்வரர் கோயில். சுகம் என்பது வடமொழியில் கிளி. சுகவனம் என்றால் கிளிகளின் வனம். தமிழில் சுகம் என்றால் நலம். ஆக, சுகவனம் என்ற பெயரே செம்மொழிச் சிலேடையாகத்தான் பிறந்திருக்கிறது. அதற்குள் இணையத்தைக் கொண்டுவர எனக்கு வெகுநாள் வழி தெரியவில்லை. ஒரு துண்டறிக்கையில் "கிளிக்கும் அருளிய பெருமான்" என்ற வரியைத் திருத்தும்போதுதான் அந்தக் "கிளிக்கும்" கண்ணில் பட்டது. அதிலிருந்து, "சுகவனத்தில் நம்பிக்கையோடு பதிவிடுங்கள், அங்கே கிளிக்கும் கிடைக்கும்" என்ற வரி வந்தது. கிளி என்னும் பறவைக்கும் அருள் கிடைக்கும். லைக்கு மட்டுமல்லாமல் கிளிக்கும் கிடைக்கும். கி.வா.ஜ. காட்டிய அதே உகரமும் உம்மையும்தான் இங்கேயும் வேலை செய்கின்றன. ஏற்காட்டில் கிளியூர் அருவியும் இருப்பதால், ஒரு கிளியை வைத்துக்கொண்டு மலையடிவாரம் முதல் மேல்வரை போய்வரலாம். ஆனால் ஒரே நாளில் இரண்டையும் சொன்னால் கேட்பவர் எழுந்து போய்விடுவார்.

ஏற்காட்டுக்கு மேலே, சேர்வராயன் மலை உச்சியில், குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் எழுந்தருளியிருக்கிறார்கள். மே மாதத்தில் மலைவாழ் மக்கள் திரண்டு விழா எடுப்பார்கள். சேர்வராயன் என்ற பெயரைக் கேட்டதும் சர்வர் என்ற சொல் எவர் நாவிலும் ஓடி வரும். நான் அதை வேண்டுமென்றே தள்ளி வைத்திருந்தேன், ஏனெனில் ஒலி ஒத்ததே தவிரப் பொருள் ஒட்டவில்லை. மலையிலுள்ள ஒரு சேவை மையத்தில் சான்றிதழுக்காகக் காத்திருந்த ஒரு நாளில்தான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. எனக்கு முன்னால் ஒரு பாட்டி நின்றிருந்தார்.

"சர்வர் டவுனுங்க பாட்டி, சாயங்காலம் வாங்க."

"டவுனுக்குப் போயிருக்குதா? எந்த பஸ்ஸுல திரும்பும், கண்ணு?"

மலையில் இருப்பவர்களுக்கு டவுன் என்றால் சேலம். சேலம் டவுன் என்று ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. பாட்டி அறியாமல் கேட்டாரா, அறிந்தே கேட்டாரா என்பதை அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. நான் திரும்பி வரும் வழியில் அதை இப்படி முடித்துக்கொண்டேன்: "சேர்வராயன் மேலேதான் இருக்கிறார், சர்வர்தான் டவுன்." மேல், கீழ் என்ற எதிர்நிலையால் ஒலிப் பொருத்தத்துக்குப் பொருளும் வந்து சேர்ந்துவிட்டது. கடவுள் இருந்த இடத்தில் இருக்கிறார், கெட்டுப்போனது கருவி. ஆகவே மலை மக்களிடமும் தயங்காமல் சொல்ல முடிந்தது. பாதிச் சிலேடை பாட்டியுடையது என்பதை எங்கே சொன்னாலும் சொல்லிவிடுவேன்.

அவதாரம் என்பதற்கு இறங்கி வருதல் என்று பொருள். 1980களில் கணினி விளையாட்டுகள் எடுத்துக்கொண்ட பிறகு, அவதார் என்பது திரையில் நம்மைக் குறிக்கும் உருவத்துக்குப் பெயராகிவிட்டது. கர்மா, குரு, மந்திரம் ஆகியவையும் இப்படியே கடல் கடந்து போய் உப்புச் சப்பில்லாமல் திரும்பியவை. அவற்றுக்கு உயிர் கொடுக்க ஊர்தான் வழி. ஆடியில் சேலம் நகரின் குகை என்னும் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையில், பக்தர்கள் கடவுளர் வேடம் புனைந்து அலங்கார வண்டிகளில் வருவதைச் சேலத்தார் எல்லோரும் பார்த்திருப்பார்கள். "குகையில் எல்லோருக்கும் அவதார் உண்டு, லாகின் ஆடியில் மட்டும்தான்" என்றால், சொல் தன் பழைய பொருளையும் புதிய பொருளையும் ஒன்றாகத் தாங்குகிறது. இறங்குதல் என்ற மூலப்பொருளையே பிடித்துக்கொண்டு, "திருமால் இறங்குவது பத்து முறை, ஏற்காட்டில் என் கோப்பு பத்துச் சதவீதம்தான் இறங்கியது" என்றும் எழுதலாம்.

உடைந்தவையும் ஒட்டவைத்தவையும்

தேவாரத்தில் அடிக்கடி வரும் "இணையடி" என்ற சொல்லை இணையத்தோடு சேர்த்து ஒரு முறை பெருமையாக எழுதினேன்: "இரவு பகலாக இணையடி தொழுகிறேன்." எங்கள் அச்சகத்துக்கு வரும் தமிழய்யா படித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மரம், அடி என்பவை சேர்ந்தால் மரவடி ஆவது போல, இணையம், அடி என்பவை சேர்ந்தால் இணையவடிதான் ஆகும் என்றார். திருவடிகளைக் குறிக்கும் இணையடியில் வகரம் இல்லை. இணையத்தின் அடியில் வகரம் வந்தே தீரும். சந்தி இரண்டு பொருளுக்கும் ஒத்துவரவில்லை என்றால், காது எவ்வளவு கெஞ்சினாலும் அந்த வரியை அடித்துவிட வேண்டும். படிப்பவர் அனைவரும் நன்னூல் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் தமிழ்க் காது பிசகை உணர்ந்துவிடும், ஏன் சிரிப்பு வரவில்லை என்று மட்டும் அதற்குச் சொல்லத் தெரியாது.

கண்ணுக்கான சிலேடை வேறு, காதுக்கான சிலேடை வேறு. ஒவ்வொரு வலைத்தளத்திலும் "எங்களைப் பற்றி" என்று ஒரு பக்கம் இருக்கும். நிறுவனர் எங்கே பிறந்தார், என்ன கனவு கண்டார், எப்படி வந்து சேர்ந்தார் என்று நீளும் அதற்குத் "தளபுராணம்" என்று பெயர் வைத்தேன். எழுத்தில் இது நன்றாக நிற்கிறது, ஏனெனில் தலபுராணத்தின் லகரம் ளகரமானதைக் கண் பிடித்துவிடுகிறது. பேச்சில் சொன்னால் லகர ளகர வேறுபாடு பலர் வாயில் கரைந்துவிடுவதால், கேட்பவர் உண்மையான தலபுராணத்தையே நினைத்துக்கொண்டு பக்தியோடு தலையாட்டுவார். "மால் வேர்விட்டது" இதற்கு நேர்மாறானது. எழுதினால் இடைவெளி காட்டிக்கொடுக்கும், சொன்னால்தான் சுவை. எனவே குரல் பதிவாக அனுப்ப வேண்டியது எது, எழுத்தாக அனுப்ப வேண்டியது எது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வரியில் இரட்டைச் சொல்லின் இடம் இறுதிக்கு அருகில் இருக்கட்டும். தமிழில் வினை கடைசியில் வருவதால், அதற்குச் சற்று முன்னால் இரட்டைச் சொல்லை வைத்தால், வினை வந்து விழும்போது இரண்டு பொருளும் ஒன்றாகத் திறக்கும். அச்சொல்லுக்கு மேற்கோள் குறி போடாதீர்கள். தடித்த எழுத்தும் வேண்டாம். சிரிக்கும் முகத்தை வரியின் முடிவில் ஒட்டுவது, சொன்னவர் தாமே முதலில் சிரிப்பதற்குச் சமம். கடவுள் படத்தின் மேல் எழுத்தை ஏற்றி மீம் ஆக்குவதையும் நான் தவிர்த்துவிடுகிறேன். படம் ஏற்கெனவே ஒரு பொருளைப் பிடித்து அமர்த்திவிடுவதால் சொல்லுக்கு இரண்டாம் பொருள் தேட வேலையில்லாமல் போகிறது. படத்தைக் கும்பிடுகிறவர் மனமும் நோகிறது.

யார் சிரிப்புக்கு ஆளாவது

கடவுளைக் கேலி செய்வது நம் மரபுக்குப் புதிதல்ல. சுந்தரர் சிவனைப் பித்தன் என்றே அழைத்தார். காளமேகம், பழிப்பது போலப் புகழும் நிந்தாத்துதியில் எந்தத் தெய்வத்தையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் அவர்கள் உள்ளே இருந்து பேசியவர்கள். அந்த உரிமை நோட்டில் கோடு கிழித்ததால் மட்டும் நமக்கு வந்துவிடாது. என் வழக்கம் எளியது: வரியில் சறுக்கி விழுகிறவர் கைப்பேசி வைத்திருப்பவராக இருக்க வேண்டும், தெய்வமாக இருக்கக் கூடாது. மேலே சொன்ன வரிகளில் பாஸ்வேர்டை மறந்தவரும், சுட்டியைத் தொட்டவரும், கோப்பு இறங்காமல் நிற்பவரும் நாமே.

பிற சமயச் சொற்களை எடுக்க வேண்டுமானால், அந்தச் சமயத்தார் தங்களுக்குள் சொல்லிச் சிரிப்பதைக் கேட்ட பிறகு எடுங்கள். ஏற்காட்டில் ஒரு கிறித்தவ நண்பர், தொடுதிரைக்குப் பழகாத தன் தாயாரிடம், "தட்டுங்கள் அம்மா, திறக்கப்படும் என்று அன்றே சொல்லியிருக்கிறது" என்றார். அது அவருடையது, நான் புனைந்திருந்தால் அந்த அன்பு அதில் இருந்திருக்காது. ரமலானில் ஓர் இஸ்லாமிய நண்பர், நாள் டேட்டா தீர்ந்துபோய் "இன்று எனக்கு டேட்டா நோன்பு" என்று சொன்ன என்னைத் திருத்தினார்: "டேட்டா இருக்கும்போது இருப்பதுதான் நோன்பு, தீர்ந்த பிறகு இருப்பது பட்டினி." இருத்தல் என்ற ஒரு வினையை அவர் மடக்கிய விதத்தை நான் பல நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். ஒரு பிரிவினரின் சமய உணர்வை வேண்டுமென்றே, தீய நோக்கோடு புண்படுத்துவது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவின்படி, மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றமாகும். நல்ல சிலேடை அந்தப் பக்கமே போகாது. ஆனால் பலமுறை முன்னனுப்பப்பட்ட வரியில் எழுதியவரின் நோக்கம் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. உற்சவர் வீதி வலம் போய்விடுவார், மூலவர் எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். அதனால், குழுவில் பதிவிடும் முன் அந்த வரியை முன்பின் இல்லாமல் தனியாக ஒருமுறை படித்துப் பாருங்கள்.

சொல்லிப் பார்த்தல்

சிலேடையை எழுதிய அன்றே அனுப்பக் கூடாது. ஒரு வாரம் கழித்து, எழுதியதை மறந்த பிறகு, முன்பின் தெரியாத ஒருவரிடம் பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பார்க்க வேண்டும். நண்பர்கள் நட்புக்காகச் சிரித்துவிடுவார்கள். குடும்பத்தார் நம் வாயைத் திறந்ததுமே எச்சரிக்கையாகிவிடுவார்கள். பேருந்தில் பக்கத்து இருக்கையில் இருப்பவர்தான் சரியான நீதிபதி. உடனே வரும் சிரிப்பைவிடத் தாமதமாக வரும் சிரிப்பே நம்பத்தக்கது, ஏனெனில் இரண்டாம் பொருளைத் தேடிப்போய் எடுத்துக்கொண்டு திரும்ப அவருக்கு நேரம் வேண்டும்.

நிலையாமை வரியை நான் அப்படித்தான் சோதித்தேன். ஏற்காட்டுப் பேருந்தில், அடிவாரத்தில், பக்கத்தில் அமர்ந்திருந்த காப்பித் தோட்டக்காரரிடம் சொன்னேன். அவர் "சரிதான்" என்று சொல்லிவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினார். 20 கொண்டை ஊசி வளைவுகளில் பதினொன்றாவதோ பன்னிரண்டாவதோ திரும்பும்போது, "ஆமை!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். தன் மகனுக்கு அனுப்ப வேண்டும், எழுதித் தாருங்கள் என்று எண்ணைக் கொடுத்தார். எழுதி அனுப்பினேன். சிக்னல் இல்லாததால் செய்தி போகாமல், அதன் ஓரத்தில் டிக்குக்குப் பதிலாகச் சின்னக் கடிகாரம் ஒன்று வந்து நின்றது. அவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கடிகாரருக்குக் கடிகாரந்தானுங்களே வரும்."